கேக் வாங்கும் முன் ஒரு போன் போடுங்கள்

எனக்குத் தொழில் வயரிங். எட்டு வருஷத்துக்கு முன்னால் குமரி மாவட்டத்தில் வில்லுக்குறி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் ஃபேன் மாட்டப் போனேன். இன்னும் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே சம்பள ஆள் யாரும் கிடையாது. சமைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் பங்குக் கோயிலிலுள்ள வின்சென்ட் தே பால் சபைக்காரர்களும் (ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கச் சபை) என்னைப் போன்ற சில்லறை ஆட்களும்தான். இப்படிப்பட்ட இடத்துக்கு முதல்முறை போகிறவர்கள் என்னிடம் கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் போன். "என்ன கொண்டுவரலாம்?" என்று கேட்டால் கூச்சத்தில் "ஒண்ணும் வேண்டாம்" என்பார்கள். "இந்த வாரம் எது தீர்ந்துபோச்சு?" என்று கேளுங்கள், பதில் வரும். பெரியவர்களுக்கான டயப்பர் (சைஸ் M-ஆ, L-ஆ என்றும் கேளுங்கள்), பினாயில், சம்பா அரிசி, இல்லையென்றால் 19 கிலோ சிலிண்டருக்கான காசு. காசு கொடுத்தால் ரசீது வாங்கிவிடுங்கள். பாசத்தில் ஒரு பாட்டா (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் சொல்வோம்) கையில் மட்டும் ஐந்நூறு ரூபாயைத் திணிக்காதீர்கள், ராத்திரி அறையில் சண்டை வரும்.

பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமசுக்கும் ஆள் வந்து குவியும். ஒரு டிசம்பரில் ஒரே நாளில் மூன்று வீட்டு பிரியாணி வந்தது. மறுநாள் கழிவறை வாசலில் வரிசை. நமக்குத்தான் வருஷத்தில் இரண்டு மழைக்காலம் ஆயிற்றே, ஜூனிலோ நவம்பரிலோ துணி காயாத ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். ஈரத் துணியை உதறிக் கொடியில் போடக்கூட ஆள் இருக்காது.

தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். 1833-ல் பாரிஸில் பிரடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியது இந்த வின்சென்ட் தே பால் சபை. ஏழைகளின் வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அன்றிலிருந்து அவர்கள் வேலை, அதுவும் இருவர் இருவராக. ஒருவர் பேச்சுக் கொடுக்க, இன்னொருவர் கைவேலையைப் பார்க்கலாம்.

கைவேலை என்றால்? நகம் வெட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய் வந்த பாட்டா ஒருவரின் கால்நகம் சிப்பி ஓடு மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் காலைக் கொஞ்ச நேரம் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, நேராக வெட்ட வேண்டும். மூலையைத் தோண்டக் கூடாது. சர்க்கரை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். உண்டு என்றால் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள், சின்னக் கீறலும் புண்ணாகிவிடும். குனிந்து நகம் வெட்டும்போது அவர்களாகவே பேசுவார்கள். "பிள்ளைகள் ஏன் பார்க்கவில்லை?" என்று மட்டும் நீங்கள் கேட்காதீர்கள்.

போட்டோ வேண்டவே வேண்டாம். யாரோ வைத்த ஸ்டேட்டஸில் தன் அம்மாவைப் பார்த்த ஒருவர் வளைகுடாவிலிருந்து கூப்பிட்டுக் கத்தினார். அந்த அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

சாயங்காலம் ஜெபமாலை சொல்வார்கள். வேறு மதக்காரர் என்றால் பின்னால் உட்காரலாம், அடுக்களையில் பயறு பொறுக்கலாம், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நானே கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவன் இல்லை.

கிளம்பும்போது "அடுத்த வாரம் வாரேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். அதை எண்ணிக்கொண்டிருக்க அங்கே ஆள் உண்டு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தந்தால் மறுக்காமல் சாப்பிட்டுவிட்டு, தட்டை நீங்களே கழுவி வையுங்கள். அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் குழாய் ஒழுகும். வாஷர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி மூன்று வாரமாக ஏமாற்றிக்கொண்டிருப்பது நான்தான்.