பழைய படத்துல மறைச்சு வெச்ச குயர் கேரக்டரை எப்பிடிக் கண்டுபுடிக்கறது

கோயமுத்தூர் திருப்பூர் பக்கம் ரூம்ல நாலு பேரு சேந்து பழைய இங்கிலீஷ் படம் போட்டுப் பாக்கறவங்களுக்குத்தானுங்க இது. குயர்னா தன்பாலீர்ப்பாளருங்க மாதிரி, வழக்கமான ஆம்பள-பொம்பள வரையறைக்குள்ள அடங்காதவங்க. மொதல்ல படம் எந்த வருசம்னு பாருங்க. அமெரிக்காவுல படத்துல எதைக் காட்டலாம், காட்டப்படாதுன்னு ஹேஸ் கோடுன்னு 1930ல ஒண்ணு எழுதுனாங்க, 1934லிருந்துதான் நெம்பக் கறாரா அமல் பண்ணுனாங்க, அது கவர்மெண்டு சென்சார் இல்லீங்க, ஸ்டூடியோக்காரங்களே அவங்களுக்குப் போட்டுக்கிட்ட விதி, ஆனா அந்த விதிய அமல் பண்ணுன ஜோசப் பிரீன் ஆபீஸ் முத்திரை குத்தாத படத்தைப் பெரிய தியேட்டர்ல ஓட்ட முடியாது. தன்பாலீர்ப்பை வக்கிரம்னு சேத்து சாடையாக்கூடக் காட்டப்படாதுன்னு வெச்சிருந்தாங்க. 1961ல அதைக் கொஞ்சம் தளத்துனாங்க, 1968ல கோடே போயிருச்சு. அதனால நடுவுல வந்த படத்துல வசனத்தை நம்பாதீங்க.

மூலக்கதை நாவலா நாடகமான்னு தேடிப் பாருங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுரும். 1947ல வந்த கிராஸ்ஃபயர் படத்துல யூதன்னு ஒருத்தனைக் கொல்றாங்க, நாவல்ல கொலையானவன் தன்பாலீர்ப்பாளன், ஆளையே மாத்திட்டாங்க.

அப்பறம் பொருளு, கை, தொடுறது இதெல்லாம் கவனிக்கோணும், இங்கதான் நெதானம் வேணும். 1941ல வந்த மால்டீஸ் ஃபால்கன்ல ஜோயல் கெய்ரோ உள்ள வர்றதுக்கு முன்னாலயே அவனோட கார்டு வந்துருது, அதுல கார்டெனியா பூ வாசம், பொறவு கைத்தடிப் பிடிய ஒதட்டுக்கிட்ட வெச்சுட்டுப் பேசறான், யாரும் எதையும் வாய்விட்டுச் சொல்றதில்ல. 1940ல வந்த ரெபேக்காவுல டேன்வர்ஸ்ங்கற வீட்டு நிர்வாகி, செத்துப்போன எசமானியம்மா ரூமைத் தொறந்து காட்டற சீன் இருக்குது, அதை மியூட்ல ஒருக்கா சவுண்டோட ஒருக்கா பாருங்க. வசனத்துல விசுவாசம்தான் கேக்கும், ஆனா அந்த ஃபர் கோட்டைக் கன்னத்துல வெச்சுத் தேய்க்கறதும் மெல்லிசான நைட்டிக்குள்ள கைய விட்டுக் காட்டறதும் வேற கதை சொல்லும். எனக்கு இதுல டேன்வர்ஸ் மேல கோவமே வர்றதில்ல, அத்தனை துக்கத்தையும் வெளிய சொல்ல அவளுக்கு எடமே குடுக்கல. முடிவுல அந்த வீட்டோடயே எரிஞ்சு போறா. இந்த மாதிரி ஆளுங்களுக்குச் சாவுதான் முடிவுன்னு திரும்பத் திரும்ப வர்றதையும் குறிச்சு வெச்சுக்கோங்க.

எந்தப் பிரிண்டு பாக்கறீங்கன்னும் தெரியோணும். ஸ்பார்டகஸ்ல எசமான் அடிமைகிட்ட ஆசையச் சாடையாச் சொல்ற குளிக்கற சீன் ஒண்ணை 1960ல வெட்டிட்டாங்க, 1991ல திரும்பச் சேத்தப்ப லாரன்ஸ் ஒலிவியர் உசுரோட இல்ல, எசமானா நடிச்ச அவரு குரலுக்கு ஆந்தனி ஹாப்கின்ஸ் டப்பிங் பேசுனாரு.

நம்ம படத்துக்கு இந்த அளவுகோல் அப்பிடியே ஒத்து வராதுங்க. சிங்காநல்லூர்ல சென்ட்ரல் ஸ்டூடியோ ஓடுன காலத்துப் படத்துல ஆம்பள பொம்பள வேசம் கட்டுனா ஒடனே குயர்னு எழுதிராதீங்க, பாய்ஸ் கம்பெனி நாடகத்துல ஸ்திரீபார்ட் பசங்கதான் போட்டாங்க, அந்தப் பழக்கம் சினிமாவுக்கும் வந்துச்சு. சீன்ல யாரு சிரிக்கறாங்க, யாரைப் பாத்துன்னு கேளுங்க. நடையையும் குரலையும் கிண்டல் பண்ணி அந்தாளுக்குன்னு ஒரு ஆசையோ கவலையோ குடுக்காம அனுப்பிட்டா அது சாடை இல்ல, வெறும் கேலி. கத்திரி சென்சார் போர்டு கைல மட்டும் இல்லைங்கறதும் முக்கியம்: ரெண்டு பொம்பளைங்க காதலைக் காட்டுன ஃபயர் படத்தை நம்ம போர்டு வெட்டாமப் பாஸ் பண்ணுச்சு, 1998 டிசம்பர்ல மும்பை, டெல்லில தியேட்டரை அடிச்சு ஒடைச்சாங்க, மறுபடி போர்டுக்குப் போயி 1999ல வெட்டில்லாமத்தான் வந்துச்சு. அப்ப தன்பாலீர்ப்பு உறவைக் குத்தமாக்குன 377ஆம் பிரிவு அப்பிடியே இருந்துச்சு, அது குத்தமில்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்தது 2018 செப்டம்பர் 6லதான்.

பாக்கறப்ப கேரக்டரைப் பத்தி மட்டும் பேசுங்க, நடிகரு நெசத்துல அப்பிடியான்னு தோண்ட வேண்டாம், ஏன்னா வெளிய சொல்லாத ஒருத்தர் உங்க பக்கத்துலயே உக்காந்திருக்கலாம், நீங்க பேசறதெல்லாம் அவங்க காதுல விழும்.

மொத வாரத்துக்கு வில்லியம் வைலர் எடுத்த ரெண்டு படம் போதும். 1936ல தீஸ் த்ரீ, 1961ல தி சில்ட்ரன்ஸ் அவர், ரெண்டும் ஒரே நாடகம். நாடகத்துல ரெண்டு டீச்சரம்மாங்க ஒருத்தரை ஒருத்தர் விரும்பறாங்கன்னு வதந்தி, 1936ல அதை ஒரு டீச்சரம்மா இன்னொருத்திக்கு நிச்சயமான ஆம்பளையோட பழகறாங்கற வதந்தின்னு மாத்திட்டாங்க. பழசை மொதல்ல போடுங்க, டீ குடிக்கறப்ப நாடகத்தோட கதைய சொல்லிருங்க, பொறவு புதுசு.