குழாய் போட்ட குழந்தை "ஒன்னுக்கு வருது" என்று அழும்போது

கதீட்டர் எனப்படும் சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்ட குழந்தை, திடீரென்று கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, "ஒன்னுக்கு வருது" என்று வீறிட்டு அழுது, சில நிமிடங்களில் தானாக அடங்கினால், பெரும்பாலும் அது சிறுநீர்ப்பையின் தசை இறுகிப் பிடிக்கும் வலியே ஆகும். குழாய் நழுவாமல் தாங்கும் சிறு பலூன் சிறுநீர்ப்பையின் உணர்வு மிகுந்த அடிப்பகுதியில் படுவதால், சிறுநீர்ப்பை அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. ஆண் குழந்தைகள் குறியின் நுனியில் வலிப்பதாகவும் சொல்வதுண்டு. "அதுதான் குழாய் இருக்கிறதே" என்று அதட்டாதீர்கள். அந்த முட்டல் குழந்தைக்கு உண்மையானது.

மருந்தைத் தேடுவதற்கு முன் போர்வையை விலக்கி, தொடையிலிருந்து சேகரிப்புப் பை வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே வாருங்கள். குழந்தையின் தொடைக்கு அடியிலோ கட்டில் கம்பியிலோ அது நசுங்கியோ மடங்கியோ கிடக்கலாம். பை சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, ஆனால் தரையில் படாமல் தொங்க வேண்டும்.

குழாயைச் சுற்றிச் சிறுநீர் கசிந்து துணி நனைந்தால், பெரிய குழாய் போடச் சொல்லிப் பெற்றோர் கேட்பதுண்டு. தசை இறுகும்போதும் இப்படிக் கசியும். பெரிய குழாய் எரிச்சலைக் கூட்டவே செய்யும். அடைப்பினாலும் கசியும் என்பதால், சேகரிப்புப் பையில் சிறுநீர் சேர்கிறதா என்று கவனியுங்கள். சிறு குழந்தைக்கு எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 மில்லி, அதாவது 10 கிலோ குழந்தைக்கு மணிக்கு 10 மில்லியாவது இறங்க வேண்டும். பையில் அளவு ஏறாமல் அடிவயிறு புடைத்திருந்தால், காத்திருக்காமல் செவிலியரை அழையுங்கள்.

குழாய் இழுபடும் ஒவ்வொரு முறையும் பலூன் அடிப்பகுதியை உரசுகிறது. ஆகவே, கால் அசைவுக்குச் சற்றுத் தளர்வு விட்டு, குழாயைத் தொடையில் பிளாஸ்டரால் ஒட்டி வையுங்கள். குழந்தையைத் தூக்கும் முன் பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் மறந்துவிடுவது மலச்சிக்கலை: மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருப்பதால், இறுகிய மலம் அதை அழுத்தி வலியைத் தூண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் வலி தொடர்ந்தால், தசையைத் தளர்த்த மருத்துவர் ஆக்ஸிபியூட்டினின் என்ற மருந்தைத் தரக்கூடும். அது மலச்சிக்கலைக் கூட்டும், வியர்வையைக் குறைக்கும். எனவே வெயில் காலத்தில் குழந்தையின் உடல் சூடேறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், கலங்கிய சிறுநீர், இரத்தக் கட்டி, ஓயாத வலி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை எவ்வளவு துடித்தாலும் குழாயை நீங்களே இழுத்துவிடாதீர்கள்; உள்ளே உப்பியிருக்கும் பலூன் சிறுநீர்ப் பாதையைக் கிழித்துவிடும்.