சர்க்கரை நோயுள்ள பெண்களின் நடைப்பயிற்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதவிடாய் நிற்கும் வரை பெண்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆண்களைவிடக் குறைவு. இரண்டாம் வகை சர்க்கரை நோய் வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு பெருமளவு போய்விடும் என்பதை 1979இலேயே அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு சுட்டிக்காட்டியது. ஆனாலும் நம் பெண்களில் பலர் சர்க்கரை அளவைக் குறைக்கத்தான் நடக்கிறார்களே தவிர, இதயத்தை நினைத்து நடப்பதில்லை.

“நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறேனே, அது போதாதா?” என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. வீட்டு வேலை உடம்பை அலுக்க வைக்கும். ஆனால் இதயத் துடிப்பை உயர்த்திச் சற்று நேரம் அப்படியே வைத்திருப்பது அபூர்வம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அதுவே சரியான வேகம். தோழியரோடு கதை பேசிக்கொண்டு நடப்பதில் தவறில்லை, கதை சற்று மூச்சு வாங்கி வந்தால் சரி. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு எளிதில் ஏறாது என்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுக் கணக்கே நம்பகமானது.

வாரத்துக்கு 150 நிமிடங்கள் நடக்க வேண்டும் என்ற பரிந்துரையை ஞாயிற்றுக்கிழமை ஒரே நடையில் முடித்துவிடப் பார்ப்பதும் தவறு. உடற்பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் பலன் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடுவதால், தொடர்ந்து 2 நாட்களுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது.

இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் நடக்கக் கிளம்புவது ஆபத்தானது. சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் புறப்பட வேண்டும். தாழ்சர்க்கரையில் வரும் வியர்வையை நடந்த வியர்வை என்று எண்ணி ஏமாறுகிறவர்கள் உண்டு. கை நடுங்கினால் உடனே நின்று, 3 தேக்கரண்டி சர்க்கரை அளவுக்கு இனிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அரிது.

பூங்காக்களில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலுடன் நடக்கும் வழக்கத்தை, பாதம் மரத்துப்போனவர்கள் அறவே விட்டுவிட வேண்டும். கொப்புளம் உடைந்தது காலுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபின் தரையில் பதிந்த ஈரத்தடத்தைப் பார்த்துத்தான் தெரியவரும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இதய நோய் என்றால் நெஞ்சு வலிக்கும் என்று காத்திருப்பது. நரம்பு பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம். பெண்களுக்கு மூச்சுத்திணறல், குமட்டல், தாடையிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத அசதி என்று அது வேறு முகங்களிலும் வரும். போன மாதம் நிற்காமல் ஏறிய மாடிப்படியில் இந்த மாதம் பாதியில் நின்று மூச்சு வாங்கினால், வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓய்வெடுத்தும் அந்தத் திணறலோ வலியோ அடங்காவிட்டால், வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிராமல் 108ஐ அழைத்துவிட வேண்டும்.