கரகரத்த குரலை ஆங்கிலத்திலும் துருக்கியிலும் எழுதுவது எப்படி?

துருக்கித் தொடர்களுக்கு சப்டைட்டில் எழுதப் பழகுகிறவர்களுக்கு இது. அகராதியில் 'கரகரப்பு' என்று தேடி, முதலில் வருவதை எடுத்துப் போடாதீர்கள். குரல் ஏன் அப்படி ஆனது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும்.

படி 1: காதால் பிரியுங்கள். குரல்நாண்கள் முழுக்க மூடாமல் காற்று கசிந்தால் மூச்சுச் சத்தம் கலக்கும். ஒழுங்கில்லாமல் அதிர்ந்தால் சொரசொரக்கும். மருத்துவர்களின் 'கிர்பாஸ்' அளவுகோலும் இந்த இரண்டையும் தனித்தனியே 0 முதல் 3 வரை மதிப்பிடுகிறது.

படி 2: ஆங்கிலம். மூச்சு கலந்து, தாழ்ந்து, கேட்க இதமாகவும் இருந்தால் 'ஹஸ்கி'. சளியாலோ கத்தியதாலோ கெட்டிருந்தால் 'ஹோர்ஸ்'. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் கூவி முடித்தவருக்கு ஹோர்ஸ்தான். ஹஸ்கி என்று எழுதினால் அவர் காதல் பாட்டுக்குக் கிளம்பிவிடுவார். அரத்தால் தேய்ப்பதுபோல் இருந்தால் 'ராஸ்பி'. அதுவே அடித்தொண்டையில் கனமாக வந்தால் 'க்ராவலி'. 'க்ரஃப்' என்பதில் சிடுசிடுப்பும் சேர்ந்தே வரும். "படியில நிக்காத, உள்ள போ" என்கிற புதுச்சேரி பஸ் கண்டக்டருக்கு அது பொருந்தும்.

படி 3: துருக்கி. சிக்கலே இங்கேதான். முதலில் துருக்கி விசைப்பலகையை நிறுவுங்கள். புள்ளி வைத்த 'ஐ' வேறு, வைக்காதது வேறு. மாற்றி அடித்தால் சில சொற்கள் கெட்ட வார்த்தையாகிவிடும். புள்ளியில்லாததை உச்சரிக்கத் தமிழருக்குப் பயிற்சியே வேண்டாம்: 'அது' என்பதன் கடைசியில், உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம்தான் கிட்டத்தட்ட அந்த ஒலி.

அப்படிப் படிக்க வேண்டிய சொல் 'குஸுக்'. கம்மிய குரலுக்கும் இதுதான், தணிந்த குரலுக்கும் இதுதான். டிவி சத்தத்தைக் குறைப்பதும் இதே வேர்ச்சொல். 'குஸுக் ஸெஸ்லே' பேசினாள் என்றால் பெரும்பாலும் மெதுவாகப் பேசினாள் என்றே பொருள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்ல வினையாக மாற்றுங்கள்: 'ஸெஸி குஸுல்து'. அப்போது குழப்பம் வராது.

'போவுக்' கழுத்தை நெரிக்கும் வினையிலிருந்து வருவது. அழுகையை விழுங்கிக்கொண்டு பேசுகிறவர், வாயைத் துண்டால் பொத்தியவர், சுவருக்கு அப்பால் இருப்பவர் எல்லோருக்கும் ஆகும். 'சத்தல்' என்றால் முள்கரண்டி; அதிலிருந்து 'சத்தல்லு', இரண்டாகப் பிளந்த குரல். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் சமாதி கொண்டிருக்கும் நாடக ஆசான் சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர் நாடகக் குழுக்களில், பையன்களின் வேடத்தையே பறித்த மகரக்கட்டுக்கு (பருவ வயதில் குரல் உடைவதற்கு) இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

படி 4: வாக்கியத்தில் பொருத்துங்கள். 'போவுக் பிர் ஸெஸ்லே': அடைமொழி, 'ஒரு', குரல், கடைசியில் வேற்றுமை உருபு. நம்முடைய வரிசையேதான். 'பிர்' அடைமொழிக்கு முன்னால் போய்விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சரிபார்க்க கூகுள் டிரான்ஸ்லேட் வேண்டாம், குஸுக் விஷயத்தில் அது காலை வாரும். துருக்கி மொழிக் கழகத்தின் இணைய அகராதி இலவசம். விளக்கத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படியுங்கள். ஆங்கிலத்துக்கு லாங்மேன்.

பின்சேர்க்கை: கரகரத்த குரலுக்குத் துருக்கியில் 'ஹுருல்துலு' போடலாமா என்றால், ஆளைப் பார்த்துப் போடுங்கள். சளி கட்டிய நெஞ்சின் கர்ர் சத்தமும் அதில் அடங்கும். பாடகிக்கு வைத்தால் ஆஸ்துமா என்று நினைத்துக்கொள்வார்கள்.