வளைகுடாவிலிருந்து திரும்பும் ஆசாரி, ஊரில் உலை மூட்டுவதற்கு

சவுதியிலோ துபாயிலோ பல ஆண்டுகள் ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, திருநெல்வேலி மாவட்டத்தில் அம்பாசமுத்திரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கத்துச் சொந்த ஊருக்குத் திரும்பி, அப்பாவோ தாத்தாவோ அணையவிட்ட கொல்லுப்பட்டறையை மீண்டும் நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதே கணக்கோடு நாடு திரும்பும் நேபாளத்துக் கொல்லர்களும் உண்டு. காமி சமூகத்தைச் சேர்ந்த அவர்கள் போஜ்பூர், தரான் பகுதிகளில் குக்ரி என்னும் வளைந்த கத்தி அடிப்பதில் பேர் பெற்றவர்கள். அவர்களுடைய கைமுறை ஒன்று நம் அரிவாளுக்கும் பொருந்தும் என்பதால் அதை உரிய இடத்தில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட வேண்டியது, கொண்டுவரும் சேமிப்பை இயந்திரத்தில் போட அவசரப்படக் கூடாது என்பதுதான். வெளிநாட்டில் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் பழகிய கைக்கு, துவைச்சல், அதாவது காய்ச்சிய இரும்பைத் தோய்த்துக் கூரை இறுக்கும் வேலை, பெரும்பாலும் மறந்திருக்கும். அது திரும்பி வந்த பிறகே மற்றவை.

புறப்படுவதற்கு முன்பு பணிக்கொடையைக் கணக்குப் பார்த்து வாங்கிவிடுங்கள். அமீரகத்தில் ஓராண்டுக்கு மேல் பணி செய்தவருக்கு, முதல் 5 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம் சேர வேண்டும். சவுதியில் அதே 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்பது விதி. ஆனால் 10 ஆண்டு நிறையும் முன்பு நீங்களாக ராஜினாமா செய்தால் அதில் ஒரு பகுதி குறையும். ஊருக்கு நிலையாக வந்த பிறகு வங்கியில் சொல்லி, வெளிநாட்டில் இருப்போருக்கான என்.ஆர்.இ. கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பட்டறைக்கு இடம் பார்க்கும்போது சாலையோரமா என்பதைவிட, உலையின் மேல் நேர் வெயில் விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரும்பின் சூட்டை நிறத்தைக் கொண்டு கணிப்பவருக்கு நிழல் மிகவும் தேவை. வெயிலில் மங்கலாகத் தெரியும் துண்டு, நிழலில் நன்றாகச் சிவந்திருக்கும். கரிக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை. சீமைக்கருவேலங்கரி கந்தகம் இல்லாமல் நல்ல சூடு தரும் என்பதால், நிலக்கரியைவிட அதையே நான் சொல்வேன். துருத்திக்குப் பதில் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள சிறு மின் புளோயர் போதும். பழைய ஆசாரிகள் உட்கார்ந்தே அடித்தார்கள். பல ஆண்டுகள் நின்று வேலை பார்த்துவிட்டு வந்தவர் அந்த வழக்கத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல் முட்டி தொடும் உயரத்தில் புளியங்கட்டை ஒன்றை நட்டு, அதன் மேல் பட்டறைக்கல்லைப் பதித்தால் முழங்காலும் முதுகும் பிழைக்கும்.

அரிவாளுக்கு ஏற்ற இரும்பு, லாரியின் ஸ்பிரிங் பட்டை. குக்ரிக்கும் நேபாளத்தில் பெரும்பாலும் இதையே பயன்படுத்துகிறார்கள். இதில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருப்பதால் துவைச்சல் பிடிக்கும். கரிமம் மிகக் குறைந்த பச்சிரும்பை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கூர் நிற்காது. பழைய இரும்புக் கடையில் வாங்கும் துண்டு எதுவென்று தெரியாவிட்டால் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள். பச்சிரும்பின் பொறி நீளமாகக் கோடு போல் ஓடும், ஸ்பிரிங் பட்டையின் பொறி நுனியில் கிளைத்து வெடிக்கும். நெடுநாள் ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், முதலில் விரலளவு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்து உடைத்துப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். உடைந்த இடம் சாம்பல் நிறத்தில் மாவு போல் நுண்மையாக இருந்தால் அந்தப் பட்டையும் நீங்கள் கொடுத்த சூடும் சரி. சர்க்கரை போல் மின்னினால் சூடு மிஞ்சிவிட்டது. துத்தநாகம் பூசிய இரும்பை மட்டும் உலையில் வைக்காதீர்கள். அதன் புகை என்ன செய்யும் என்பது வெல்டிங் வேலை பார்த்தவருக்குத் தெரிந்ததே.

அடிக்கும்போது இரும்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். கருஞ்சிவப்புக்கு இறங்கியதும் சம்மட்டியை நிறுத்தி மறுபடி உலையில் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் விழும் ஒவ்வோர் அடியும் பின்னால் விரிசலாக வெளிப்படும். வடிவம் வந்த பிறகு இரண்டு மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றில் ஆறவிட்டால், அடியில் ஏறிய இறுக்கம் தளரும். அடுத்தது துவைச்சல். சுமார் 770 டிகிரி செல்சியஸில் இரும்பைக் காந்தம் பிடிப்பதை விட்டுவிடும் என்பதால், கண்ணுக்குத் துணையாகக் காந்தத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் பிடிக்காத நிலையிலிருந்து இன்னும் சற்றுச் சூடேற்றி, அலகு முழுதும் ஒரே நிறமாக இருக்கும்போது தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையைக் குளிர்ந்த தண்ணீரில் முழுதாக முக்கினால் வெடிக்க வாய்ப்புண்டு. வெதுவெதுப்பான எண்ணெய் பாதுகாப்பானது. நேபாளத்து முறை வேறு. அவர்கள் அலகை முக்குவதில்லை. கெட்டிலின் மூக்கு வழியாகக் கொதிநீரைக் கூர்ப்பக்கம் மட்டும் முனை முதல் அடி வரை ஓடவிடுகிறார்கள். கூர் இறுகிவிடும், முதுகு மென்மையாகவே இருக்கும். விறகு பிளக்கவும் இளநீர் சீவவும் ஓங்கிப் போடும் வெட்டரிவாளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. கை பழகும்வரை கழிவுத் துண்டுகளில் மட்டும் செய்து பாருங்கள்.

தோய்த்த கூரில் அரம் வழுக்க வேண்டும். அந்த நிலையிலேயே விற்றால் முதல் கணுவில் பல் தெறிக்கும். ஒரு பக்கத்தைப் பளபளப்பாகத் தேய்த்து, முதுகுப் பக்கத்திலிருந்து மெல்லச் சூடு காட்டினால் நிறங்கள் வரிசையாக நகர்ந்து வரும். பதநீருக்காகப் பனம்பாளை சீவும், மெல்லிய கூர் வேண்டிய பாளை அரிவாளுக்கு முற்றிய வைக்கோல் நிறத்தில் நிறுத்தலாம். வெட்டரிவாளுக்குப் பழுப்பைத் தாண்டி ஊதா தொடங்கும்வரை விடலாம். நீலம் கூருக்கு வந்துவிட்டால் மறுபடி தோய்க்க வேண்டியதுதான்.

முதல் சில மாதங்களுக்குப் புதுச் சரக்கு அடிக்காமல், காய்ச்சி அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். கடப்பாரை முனை, மழுங்கிய மண்வெட்டி, பன்னரிவாளின் தேய்ந்த பல் ஆகியவைதாம் உங்கள் துவைச்சல் நிற்கிறது என்ற செய்தியை ஊருக்குள் கொண்டுசெல்லும். பிசான நெல் அறுவடைக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டதால் கதிர் அரிவாளை நம்பிப் பட்டறை வைக்க முடியாது. களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கத்து வாழைத் தோட்டங்கள் தார் வெட்டும் அரிவாள் கேட்கும். ராதாபுரம், உடன்குடிச் செம்மணல் தேரிப் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் பதநீர் இறங்கும் முன்பே பாளை அரிவாள்களை முடித்துத் தர வேண்டும். பனையேறிகள் அலகைச் சோதிப்பதில் கறாரானவர்கள், அவர்கள் ஏற்றுக்கொண்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். சுடலைமாடன் கொடைக்கு நேர்ச்சை அரிவாள் கேட்டு வருவோருக்குக் கூர் ஏற்றாமலே கொடுத்துவிடுங்கள்.

சட்டம் ஒன்றை அறிந்துகொண்டுதான் இந்தத் தொழிலில் இறங்க வேண்டும். ஆயுத விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, குக்ரியைப் பெயர் சொல்லியே, ஆயுதங்களோடு சேர்க்கிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே நேபாள நண்பரின் நினைவாகக் குக்ரி அடித்து விற்பதை விட்டுவிடுங்கள். 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், நோக்கம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொண்டது. நம் மாவட்டத்தில் அரிவாளுக்கு இருக்கும் இன்னொரு பேர் உங்களுக்குத் தெரியாததல்ல. முகம் தெரியாதவர் அவசரமாகக் கேட்டால், வேலை நிறைய இருக்கிறது என்று அனுப்பிவிடலாம்.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை ஆதாரைக் கொண்டு இணையத்தில் கட்டணமின்றி முடிக்கலாம். 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு, மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. விவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம். ஒரு பதநீர்ப் பருவம் முழுதும் பட்டறை ஓடி, சம்மட்டி போட ஆள் கிடைக்காமல் வேலை தேங்கும் நிலை வந்த பிறகு, பவர் ஹாமர் வாங்குவதற்கு அந்தக் கடனை விண்ணப்பியுங்கள்.