குரல்வளை எடுத்தவருக்கு நோய் திரும்புகிறதா? வீட்டில் பார்க்கும் முறை

குரல்வளையை முழுதாக எடுத்த பிறகு புற்றுநோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் 2 வருடத்துக்குள் திரும்பும். அதனால்தான் முதல் வருடம் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறையும், இரண்டாம் வருடம் 2 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறையும் கிளினிக் வரச் சொல்வார்கள். வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்று தவணையைத் தள்ளவே கூடாத காலம் இது.

இனி எப்படி இருக்கும் என்பதை அடுத்த வீட்டுக்காரருக்கு நடந்ததை வைத்துச் சொல்ல முடியாது. வெட்டி எடுத்த சதையின் பதோலொஜி ரிப்போட்டை வைத்து வைத்தியரிடம் கேளுங்கள்: வெட்டு விளிம்பில் நோய் இருந்ததா, அல்லது நோய்க்கும் விளிம்புக்கும் நடுவே 5 மில்லிமீற்றருக்குக் குறைவான இடைவெளிதானா? கழுத்து நிணநீர்க் கணுக்களில் இருந்ததா, கணுவின் உறையைத் தாண்டியதா? குரல் நாண்களுக்குக் கீழே இறங்கியிருந்ததா? உறை தாண்டியதும் விளிம்பில் நின்றதும்தான் கூடுதல் ஆபத்து. அப்படியானவர்களுக்குக் கதிர்வீச்சோடு புற்றுநோய் மருந்தும் (கீமோ) சேர்ப்பார்கள். கதிர்வீச்சை சத்திரசிகிச்சை நடந்து 6 கிழமைக்குள் தொடங்கப் பார்க்க வேண்டும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போவதானாலும் இடம் கிடைக்கும்வரை பேசாமல் இருக்காமல் திகதியை விசாரித்துக்கொண்டே இருங்கள்.

வீட்டில் கிழமைக்கு ஒருநாள் பாருங்கள். கையைக் கழுவி, நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் இருந்து, மூச்சு விடும் கழுத்துத் துளையின் விளிம்பைச் சுற்றிவரப் பார்க்க வேண்டும். போனில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்தால் போன மாதத்தோடு ஒப்பிடலாம். பிறகு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் தாடைக்குக் கீழிருந்து காறை எலும்புவரை இரு பக்கமும் மெல்ல அழுத்தித் தடவுங்கள். கதிர்வீச்சு வாங்கிய கழுத்து முழுக்க இறுகித்தான் இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். தனியே புளியங்கொட்டை அளவில் ஒன்று புதிதாகத் தட்டுப்பட்டால், நோகாவிட்டாலும், அடுத்த தவணைவரை இருக்காதீர்கள்.

துளை விளிம்பில் சிவந்து புடைக்கும் சதை, துளையில் போட்ட ரியூப் உரசி வந்த வெறும் புண்சதையாகவும் இருக்கலாம், திரும்பிய நோயாகவும் இருக்கலாம். கண்ணால் பிரிக்க முடியாது, சிறு துண்டு எடுத்துத்தான் சொல்ல வேண்டும். சோறு இறங்காமல் கஞ்சிக்கு மாறுவதும் அப்படித்தான்: தழும்பு சுருங்கியிருக்கலாம், ஆனாலும் கமரா விட்டுப் பார்க்க வேண்டும். காதில் குறையில்லாமல் ஒரு பக்கக் காது மட்டும் தொடர்ந்து வலித்தால் தொண்டையைப் பார்க்கச் சொல்லுங்கள், நரம்பு வழியே வலி அங்கு போகும். சூடடிப்புத் தூசியிலும் வரண்ட காற்றிலும் சளியில் இரத்தக் கீற்று வரும், துளைக்கு மேல் ஈரமான துணிமூடி போட்டால் குறையும். புது இரத்தமாகக் கட்டி கட்டியாக வந்தால் அன்றே வைத்தியசாலை. 60 கிலோக்காரர் ஒரு மாதத்தில் 3 கிலோ குறைந்தாலும் சொல்ல வேண்டிய விடயம்தான்.

களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் எல்லாம் நோய் திரும்பியதாகிவிடாது. கதிர்வீச்சில் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தமாகியிருக்கலாம், 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கும் ரீஎஸ்எச் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

5 வருடம் தாண்டினாலும் நுரையீரலிலும் உணவுக்குழாயிலும் புதிதாக இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு இருக்கிறது. சுருட்டை விடாதவருக்கு அது கூடுதல். புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கும் பாதுகாப்பானதில்லை, பாக்கே புற்றுநோய் தரும்.

‘கழுத்தால் மூச்சு விடுகிறேன், ஒட்சிசனைக் கழுத்தில் பிடியுங்கள்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி கிளினிக் கொப்பியின் முன் அட்டையில் ஒட்டுங்கள். 1990 அம்புலன்சுக்கு யார் பேசுவது என்பதையும் வீட்டில் இப்போதே பேசி வையுங்கள்.