கை தெரிந்த வேலையைக் கற்றுக்கொடுப்பது எப்படி: தொழிற்கல்லூரிப் பயிற்றுநர்களுக்கு

தொழிற்கல்லூரியில் பாடம் எடுப்பவர்கள் பெரும்பாலும் பட்டறையிலோ மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். வேலை அவர்களுக்கு அத்துப்படி. சிக்கலும் அதிலிருந்தே வருகிறது. கை நன்றாகப் பழகிவிட்டால், பாதிப் படிகள் செய்பவரின் கவனத்துக்கே வராது. கவனத்துக்கு வராததை வகுப்பில் சொல்லவும் தோன்றாது. மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் அப்படி விட்டுப்போன படியில்தான்.

ஆகவே வகுப்புக்கு முன்பு வேலையைப் பிரித்து எழுதுங்கள். ஒரே தாள், பக்கம் பக்கமாக மூன்று நெடுவரிசைகள்: செய்ய வேண்டிய படி, அதில் கவனிக்க வேண்டியது, ஏன் அப்படி. 1940களில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைவாகப் பழக்க உருவான முறையை ஒட்டியது இது; அதில் படியும் கவனிக்க வேண்டியதும் இருந்தன, காரணத்துக்கான வரிசை பின்னர் சேர்ந்தது. இன்றும் இதைவிட எளிதான ஒன்றைக் காண்பது கடினம்.

கரண்டையும் வோல்டேஜையும் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துக்கொள்வோம். கரண்ட் அளந்து முடித்ததும் சிவப்பு லீடை (அளக்கும் கம்பியை) ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து எடுத்து வோல்டேஜ் சாக்கெட்டில் செருக வேண்டும். அனுபவசாலி இதை யோசிக்காமலே செய்துவிடுவார், அதனால் சொல்ல மாட்டார். மாணவர் குமிழை மட்டும் வோல்டேஜுக்குத் திருப்பிவிட்டு லீடுகளை மின்கலத்தின் இரு முனையிலும் வைப்பார். ஆம்பியர் சாக்கெட்டின் வழியில் மின்தடை கிட்டத்தட்ட இல்லை என்பதால் அது ஷார்ட் சர்க்யூட் ஆகிறது. மீட்டரின் ஃபியூஸ் போகும். சக்தி அதிகமுள்ள சுற்றாக இருந்தால் கையையும் சுட்டுவிடும். தாளில் இது தனிப் படியாக, காரணத்தோடு இருக்க வேண்டும். விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அந்த வேலை தெரியாத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, மின்சாரம் துண்டித்த நிலையில், எழுதியிருப்பதை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே நின்று உங்களைப் பார்க்கிறாரோ அங்கே ஒரு படி குறைகிறது.

அடுத்து டெமோ. மருத்துவப் பயிற்சியில் அறுவை மருத்துவர் பெய்டன் 1998-இல் முன்வைத்த நான்கு சுற்று முறை எந்தக் கைத்தொழிலுக்கும் பொருந்தும்.

1. வழக்கமான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுங்கள்.
2. மெதுவாக, ஒவ்வொரு படியையும் காரணத்தோடு விளக்கிச் செய்யுங்கள்.
3. மாணவர் சொல்ல, நீங்கள் செய்யுங்கள்.
4. மாணவர் தானே சொல்லிக்கொண்டு தானே செய்யட்டும்.

நேரம் போதவில்லை என்று பலரும் கைவிடுவது மூன்றாவது சுற்றை. உண்மையில் விடக்கூடாத சுற்று அதுதான், ஏனென்றால் மாணவரின் மனதில் இருக்கும் வரிசை கருவியைத் தொடும் முன்பே வெளியே தெரிந்துவிடுகிறது. அவர் ஒரு படியைத் தாண்டினால் நீங்களாகச் சரிசெய்து செய்துவிடாதீர்கள். கையை நிறுத்தி, “இப்போது லீடு எந்த சாக்கெட்டில் இருக்கிறது?” என்று கேளுங்கள். மாணவருக்கு எதிரே நின்று செய்து காட்டினால் இடம் வலம் மாறித் தெரியும். அவர் பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு மேசையைச் சுற்றி ஆறு பேருக்கு மேல் நின்றால் பின்னால் இருப்பவருக்கு விரல்கள் தெரியாது. பேட்ச் பெரிதென்றால் மேலிருந்து கேமரா வைத்துத் திரையில் காட்டுங்கள்.

பிராக்டிகலில் ஆர்வம் குறைவதற்கு முக்கியக் காரணம் சும்மா நிற்பது. இருபது மாணவர்களுக்கு ஐந்து இயந்திரங்கள் என்றால் எந்த நேரமும் பதினைந்து பேருக்கு வேலை இல்லை. அவர்கள் கை போனுக்குப் போவதில் வியப்பில்லை. நான்கு பேர் குழுவில் ஒருவர் செய்யட்டும், ஒருவர் தாளைப் பார்த்து ஒவ்வொரு படியையும் சரிபார்க்கட்டும், ஒருவர் அளவுகளைக் குறிக்கட்டும், இன்னொருவர் அடுத்த படிக்கான கருவியை எடுத்துவைத்துப் பாதுகாப்பைக் கவனிக்கட்டும். ஒரு முழு வேலை முடிந்ததும் பொறுப்பு மாற வேண்டும். மாற்றாவிட்டால் கெட்டிக்காரர் ஒருவரே கடைசிவரை செய்வார்.

தடுமாறும் மாணவர் கையிலிருந்து கருவியை வாங்காதீர்கள். வாங்கிய நொடியில் அவர் பார்வையாளர் ஆகிவிடுகிறார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் போதும்.

தியரி வகுப்பில் “புரிந்ததா?” என்ற கேள்வியால் பயனில்லை, புரியாதவரும் தலையாட்டுவார். பதில் வேண்டிய கேள்வியைக் கேளுங்கள், குறைந்தது மூன்று விநாடி பொறுங்கள், பிறகு ஒருவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொன்னால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, பதில் சொல்லாதவர்கள் குறைகிறார்கள் என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார்.

நான்கு விடைகள் கொண்ட கேள்வி கொடுப்பதானால், தவறான விடைகளை முந்தைய பேட்ச் மாணவர்கள் உண்மையில் செய்த தவறுகளிலிருந்து எடுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்டிப் பதில் சொல்லட்டும். சுமார் 30 முதல் 70 சதவீதம் பேர் சரியாகச் சொன்னால் விளக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதிடவிட்டு மறுபடி கேளுங்கள். அதைவிடக் குறைந்தால் பாடத்தையே வேறு வழியில் மறுபடி சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு வகுப்பையும் மூன்று சிறு கேள்விகளோடு தொடங்குங்கள்: நேற்றைய பாடம், போன வாரப் பாடம், போன மாதப் பாடம். புத்தகம் மூடியிருக்கட்டும், மதிப்பெண் வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. மாணவர்கள் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தெரியும் என்று நம்பிவிடுவது இதனால்தான்.

உங்கள் வகுப்பை அளக்க, சக பயிற்றுநர் ஒருவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். கருத்து கேட்காதீர்கள், கணக்கு கேளுங்கள்: நீங்கள் பேசியது எத்தனை நிமிடம், மாணவர் கைகள் வேலை செய்தது எத்தனை நிமிடம், ஒருமுறைகூடக் கேள்வி போகாத இருக்கைகள் எவை. அடுத்த வகுப்பில் முதல் கேள்வி அந்த இருக்கைகளுக்குப் போகட்டும்.